மூன்று வகைச் ‘சரிங்க’

பெறுநர்:
மனிதவளப் பிரிவு மேலாளர்,
எங்கள் கம்பெனி, சத்தி ரோடு, சரவணம்பட்டி.

பொருள்: பயிற்சி கொடுக்க வருகிறவர் – குணநலன்கள் – விளம்பரத்தில் விடுபட்டவை – சுட்டிக்காட்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பயிற்சியாளர் வேலைக்கு ஆள் தேடி நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டியதைப் படித்தேன். கவர்ச்சியான ஆளுமை, கணீர்க் குரல், கூட்டத்தைக் கலகலப்பாக்கும் திறன், வற்றாத உற்சாகம். நல்லது. இதே ஆளைக் கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கவும் அனுப்பலாம். ஆவணியில் முகூர்த்தம் நிறைய.

போன சனிக்கிழமை வந்தவருக்கு இந்த நான்கும் இருந்தன. 9 மணிக்கு எங்களைக் கண்ணை மூடி, கடற்கரையில் நடப்பதாக நினைக்கச் சொன்னார். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த வைண்டிங் தம்பி, கடற்கரைக்குப் போனவன் டீ வரும்வரை திரும்பவேயில்லை. பிறகு காகித விமானம் விட்டோம். 53 வயதில், டெஸ்டிங்கில் பதினொரு பம்ப் காத்துக்கிடக்க, நான் விட்ட விமானம் ஏசி மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. பயிற்சியின் நிலையான பலன் என்று உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 84 ஸ்லைடு. நடுநடுவே “புரிஞ்சுதா?” என்றார். நாங்களும் “சரிங்க” என்றோம். எங்கள் பக்கத்து இலக்கணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இங்கே ‘சரிங்க’ மூன்று வகை. புரிந்தது என்பது ஒன்று. புரியவில்லை, ஆனால் வந்த மனுசன் முகம் வாடக் கூடாது என்பது இன்னொன்று. நீங்க சொல்றது தப்பு, நாங்க எப்பவும்போலத்தான் செய்வோம் என்பது மூன்றாவது; அது மட்டும் கொஞ்சம் இழுபடும்: “சரீங்…க.” ஒடிசாவிலிருந்து வந்த பையன் முதலில் பழகிய தமிழும் இதுதான். மூன்றையும் பிசகாமல் சொல்கிறான்.

நான் வேலை பழகிய கணபதி லேத் பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். பேச்சே குறைவு. மைக்ரோமீட்டரைக் கொடுத்து ஷாஃப்டை அளக்கச் சொல்வார். நான் போல்ட்டை முறுக்குவதுபோல முறுக்குவேன். அளவு குறைச்சலாகக் காட்டும். திட்டமாட்டார். என் விரலைப் பிடித்துக் கடைசியிலுள்ள ராட்செட்டில் வைத்து, “டிக் டிக்குனு வருதில்ல, அங்க நிறுத்திக்க கண்ணு” என்பார். பிறகு வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நான் “சரிங்க” என்றால் காதில் வாங்கமாட்டார். காது ராட்செட்டில் இருக்கும். மறுநாள் வேறொரு ஷாஃப்டை நீட்டுவார். அவருக்கே பிடிபடாத வேலை வந்தால், “தெரியலடா, கேட்டுட்டு வாறேன்” என்று எதிர்ப் பட்டறைக்கு நடந்துவிடுவார்.

இரண்டாம் உலகப் போர்ச் சமயம், பட்டறை வாசலை மிதிக்காதவர்களை அவசரமாகத் தொழிலாளிகளாக்க அமெரிக்காவில் 1940-இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். பழக வந்தவனின் பயத்தைப் போக்கு, செய்து காட்டு, அவனையே செய்ய விடு, பிறகு போய்ப் பார். நான்கே படி. எங்கள் மேஸ்திரி அதைப் படித்திருக்க வழியில்லை. நீங்கள் எம்பிஏ.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-இல், பயிற்சியை எடைபோட நான்கு கட்டம் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, பலன் வந்ததா. நாம் முதல் கட்டத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டோம். அதுவும் கம்பெனி பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கையில், சிரிக்கிற பொம்மை போட்ட தாளை நீட்டுகிறீர்கள். அவசரத்தில் எல்லாப் பொம்மைக்கும் டிக் அடித்தேன், அழுகிற பொம்மை உட்பட. ‘மிகச் சிறப்பு’ என்று எண்ணிக்கொண்டீர்களாம்.

நம்ம ஜி.டி. நாயுடு, 1945-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியில், நான்கு வருடம் எதற்கு, இரண்டே போதும் என்று மல்லுக்கட்டி விலகியவர். அந்த அவசரக்காரரே ஒரு சனிக்கிழமை போதும் என்று கேட்கவில்லை.

விளம்பரத்தைத் திருத்துவதானால் இப்படிப் போடலாம்: ‘சரிங்க’ என்றால் நம்பாதவர் தேவை. கேள்வி கேட்டபின் பதில் வரும்வரை வாயை மூடத் தெரிய வேண்டும். ‘தெரியல’ என்று சொன்னால் டை அவிழ்ந்து விழாது என்று அறிந்தவருக்கு முன்னுரிமை.

நிற்க. வரும் சனிக்கிழமை ‘காதுகொடுத்துக் கேட்கும் கலை’ பற்றி 9 மணி முதல் 5 மணி வரை ஒருவரே பேசுகிறார், கட்டாயம் வர வேண்டும் என்ற சுற்றறிக்கை கிடைத்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒப்புதலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சரீங்…க.

இப்படிக்கு,
கடைசி வரிசை நாற்காலி,
அசெம்பிளி பிரிவு.