ஜூசி லூசி: உள்ளுறைச் சீஸும் விளிம்புச் சிக்கலும் – ஒரு முன்னாய்வு

பர்கரில் சீஸ் இருக்க வேண்டிய இடம் இறைச்சியின் மேலா, உள்ளேயா என்னும் வினா, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்கு வெளியே உரிய கவனம் பெறவில்லை. மேலே வைப்போர் மேற்பூச்சாளர் என்றும், உள்ளே வைப்போர் உள்ளுறையாளர் என்றும் இக்கட்டுரையில் குறிக்கப்படுவர். மேற்பூச்சாளரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஊரெல்லாம் அவர்கள்தான்.

உள்ளுறையாளரின் மூலத்தலம் மினியாபொலிஸ் நகரின் சீடர் அவென்யூ. அங்கே 35ஆம் தெரு முனையில் மேட்ஸ் பார் இருக்கிறது. அதே சாலையில் 58ஆம் தெரு முனையில் 5-8 கிளப். ஜூசி லூசி என்னும் உள்ளுறைச் சீஸ் பர்கர் எங்களிடம்தான் பிறந்தது என்று இரண்டும் சாதிக்கின்றன. 1954இல் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு இறைச்சி வடைகளுக்கு நடுவே சீஸ் வைத்துத் தரச் சொன்னாராம், கடித்ததும் சாறு பீறிட்டதாம், அந்த வேகத்தில் அவரே பெயரும் சூட்டிவிட்டாராம். இது மேட்ஸ் தரப்புத் தலபுராணம். 5-8 கிளப்போ 1928இல், மதுவிலக்குக் காலத்தில், கள்ளத்தனமாகச் சாராயம் விற்ற இடம். கட்டடத்தின் வயது பர்கரின் வயதாகிவிடாது என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

பாடபேதமும் உண்டு. மேட்ஸ் பாரின் பலகையில் ‘ஜூசி’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் ஓர் ‘ஐ’ கிடையாது. எழுத்து சரியாக இருந்தால் பண்டமும் சரியாக இருக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எழுத்து சரியாக இருந்தாலே அது போலிதான் என்பது மேட்ஸின் பதில். தொல்காப்பியரிடம் போயிருந்தால் குற்றியலிகரம் என்று சொல்லி அரை மாத்திரையில் வழக்கை முடித்திருப்பார். 2014இல் அதிபர் ஒபாமா மேட்ஸில் வந்து சாப்பிட்டதைச் சாட்சியமாக ஏற்கலாம், தீர்ப்பாக ஏற்பதற்கில்லை.

எழுத்துக்காக மல்லுக்கட்டியவர்கள் விளிம்பைக் கோட்டைவிட்டார்கள் என்பதே நம் துணிபு. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கொத்திய மாட்டிறைச்சியைக் குளிர்ச்சி மாறாமல் எடுத்து, நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு வடை தட்ட வேண்டும். சீஸ் வில்லையை நாலாக மடித்து நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டு மூட வேண்டும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது புதிதல்ல. ஆனால் கொழுக்கட்டை மாவு சுருங்காது, இறைச்சி சுருங்கும். உள்ளே நீர் ஆவியாகி முட்டும்போது மூட்டுவாய் பிளந்துகொள்ளும். திருப்பிப் போட்டதும் மேலே பல்குச்சியால் ஒரு குத்து குத்தி ஆவிக்கு வழிவிடுவதே அறிந்த வைத்தியம். உப்பை இறைச்சியோடு சேர்த்துப் பிசைந்தால் கடிக்கையில் ரப்பர்போலத் துள்ளும். வெளியே தூவினால் போதும். விளிம்பில் மட்டும் உப்பிட்டு ஒட்டவைக்கலாமா என்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த தலைப்பு.

சீஸில் கௌரவம் பார்க்கக் கூடாது. நாள்பட்ட செடார் சூட்டில் எண்ணெய் வேறு, கட்டி வேறாகப் பிரியும். 1916இல் ஜே. எல். கிராஃப்ட் காப்புரிமை பெற்ற பதப்படுத்திய சீஸின் வழிவந்த மஞ்சள் வில்லைதான் இங்கே தேவை. அதிலுள்ள குழம்பாக்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடுவதில்லை. உணவு அறிஞர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

அடுப்பில்தான் மரபு முறிகிறது. மேட்ஸில் சுடுவது தட்டை இரும்புக் கல்லில். சீஸ் கசிந்தாலும் கல்லிலேயே பொரிந்து ஓட்டையை ஓரளவு அடைக்கும். கொல்லைப்புறக் கரியடுப்பில் கம்பி இடுக்கில் சொட்டி, நெருப்பு குப்பென்று எழும்பும். 1952இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் மிதவை செய்யும் உலோகக் கிண்ணத்தை மூடிபோட்ட அடுப்பாக்கினார். அந்த மூடிதான் இப்போது கைகொடுக்கிறது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தணல்மேல் இருபுறமும் நிறம் வரச் சுட்டு, தணல் இல்லாத பக்கம் நகர்த்தி மூடிவிட வேண்டும். கரண்டியால் அழுத்துபவரை அடுப்பருகே சேர்க்கலாகாது.

வெந்ததா என்று அறிவதில் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. வெப்பமானியை நடுவில் குத்தினால் அது சொல்வது சீஸின் சூட்டை. போதாததற்குச் சீஸும் அந்த வழியாகவே வெளியேறும். பக்கவாட்டில், இறைச்சிக்குள் மட்டும் நுனி நிற்கும்படி செருக வேண்டும். அதற்குக் கை நடுங்காதவர் வேண்டும். அத்தகையோர் பெரும்பாலும் அறுவைசிகிச்சை செய்யப் போய்விடுகிறார்கள். எடுத்ததும் சில நிமிடம் ஆறவிடாமல் கடித்தால் மேலண்ணம் வெந்துபோகும். ஆகவேதான் மேட்ஸில் பரிமாறுவோரே எச்சரிக்கிறார்கள்.

இனி, கம்பியில் ஒழுகி மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் சீஸ் யாருக்கு உரியது? அடுப்படியில் நின்று புகை தின்றவருக்கே என்பது நம் முடிபு. மாற்றுக் கருத்துடையோர் சொந்தமாக அடுப்பு வாங்கிக்கொள்ளலாம்.