மூன்று நாளில் டீச்சர்

அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், குழந்தைக் கல்வி படிக்கப் போகிறேன் என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எல்கேஜி டீச்சராக இதுக்கெல்லாமா படிப்பு?" என்பார்கள் வீட்டில். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. அரசாங்கமே ஐம்பது வருடமாக இதைத்தான் கேட்கிறது. என்ன, கோப்பு எண் போட்டுக் கேட்கிறது.

மேடையில் மட்டும் வேறு பேச்சு. 2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கையைப் புரட்டுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறதாம். 2030க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான முன்பருவக் கல்வி கிடைத்துவிடுமாம். படித்தால் கண் கலங்கும். அடுத்த பத்திக்குப் போனால் கலக்கம் தெளிந்துவிடும்.

அந்த 85 விழுக்காட்டை யாரிடம் ஒப்படைக்கிறோமோ, அவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும்? குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிப்படி, நர்சரி டீச்சருக்கு பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண், அதன் மேல் இரண்டாண்டு டிப்ளமோ அல்லது நர்சரி பி.எட். நியாயம். அங்கன்வாடிப் பணியாளருக்கு? பிளஸ் டூ படித்திருந்தால் ஆறு மாதச் சான்றிதழ் போதும் என்கிறது கல்விக் கொள்கை. 2023 மே மாதம் 'போஷன் பீ, படாயீ பீ' என்றொரு திட்டம் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியாம். மூன்று நாள்.

இரண்டு ஆண்டு. ஆறு மாதம். மூன்று நாள். பிள்ளை ஏழையாக ஏழையாக, டீச்சருக்கு வேண்டிய படிப்பும் குறைந்துகொண்டே வருகிறது.

அந்த ஆறு மாதப் படிப்பும் எப்படி? டிடிஎச் சேனலிலும் ஸ்மார்ட்போனிலும் நடத்தலாம் என்று அதே கொள்கை வழி சொல்கிறது. அஞ்சல்வழியில் நீச்சல் கற்றவரைக் கடலில் இறக்குவது போல. கொள்கைக்கு ஒப்புதல் கிடைத்த அன்று அந்தமானில் இணையம் செயற்கைக்கோளின் தயவில் ஊர்ந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த கடலடி கேபிளைத் திறந்துவைத்ததே அதற்குப் பின், ஆகஸ்ட் 10 அன்று. போனிலேயே படித்துக்கொள் என்று எழுதியவர் வரைபடத்தில் இந்தத் தீவுகளைத் தேடியிருக்க மாட்டார். தேடியிருந்தாலும் பெயரை மாற்றத்தான் தேடியிருப்பார்.

விடுங்கள். நம் பெண் பிடிவாதக்காரி. இக்னோவில் டிப்ளமோ முடித்து அங்கன்வாடியில் சேர்ந்துவிட்டாள். குழந்தை எப்படிச் சிந்திக்கிறது, ஏன் அழுகிறது, விளையாட்டில் கணக்கை எப்படிக் கற்கிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். முதல் வேலை என்ன? போஷன் டிராக்கர் செயலியில் எடையையும் உயரத்தையும் ஏற்று. ஊட்டச்சத்துப் பொட்டலம் வாங்க வரும் தாயின் முகத்தைப் படம் பிடி. 2025 ஜூலையிலிருந்து முகம் பொருந்தினால்தான் பொட்டலம். நடுவில் தடுப்பூசிக்கு ஆள் சேர். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைத் தூக்கு. இத்தனைக்கும் பிறகு நேரம் மிஞ்சினால், உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் மூளையை வளர்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சம்பளம் கிடையாது. மதிப்பூதியம். 1975 அக்டோபர் 2 அன்று காந்தி பெயரைச் சொல்லித் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமல்லவா, சேவைக்கு யாராவது கூலி கேட்பார்களா? 2018 அக்டோபரில் மத்திய அரசு 3,000 ரூபாயை 4,500 ஆக்கியது. நாளுக்கு 150. 2025 வரை அந்தத் தொகை அசையவில்லை. விலைவாசிக்குத்தான் இந்த நாட்டில் பதவி உயர்வு. இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே வர வேண்டியிருந்தது.

மாநிலமென்றால் மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டும். அந்தமானில் அந்தச் சௌகரியம்கூடக் கிடையாது. சட்டமன்றமே இல்லை. கொள்கை டெல்லியுடையது, பணம் டெல்லியுடையது, ஆளுகிறவரும் டெல்லி அனுப்பியவர். சொன்னதைச் செய்து காட்ட இதைவிட வசதியான இடம் இந்தியாவில் ஏது?

மெயின்லேண்ட் மட்டும் என்ன வாழ்கிறது? 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பாடம் நடத்த, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்கள் அதைப் பதவி இறக்கமென்று கொதித்தார்கள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது தண்டனை என்று ஆசிரியர்களையே நம்பவைத்தது யார்? 2022இல் மூடுகிறோம் என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் மூடவில்லை என்றார்கள். பிறகு 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் தேடினார்கள்.

இதே சென்னையில்தான் 1939இல் மரியா மாண்டிசோரி வந்து அடையாறில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி தந்தார். உலகப் போரில் இத்தாலி இறங்கியதும், இத்தாலிக்காரர், எதிரி நாட்டவர் என்று வெள்ளைக்காரன் அவருக்குக் கட்டுக்காவல் போட்டான். வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. நம் ஆட்சியில் அவர் பெயர் தெருவுக்குத் தெரு பலகையில் தொங்குகிறது. உள்ளே போனால், மூன்று வயதுப் பிள்ளை வாய்பொத்தி உட்கார்ந்து 'ஏ பார் ஆப்பிள்' எழுதுகிறது. கட்டணம் மட்டும் இத்தாலியத் தரம்.

எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி என்று இலக்கு வைத்தது. 2002இல் 86ஆவது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை அடிப்படை உரிமை. ஆறு வயதுக்குக் கீழே? அரசு 'முயலும்'. ஆக, மூளை வளரும் வயதில் உரிமை இல்லை. வளர்ந்து முடிந்த பிறகு உண்டு. முயலவில்லை என்றால் எந்த நீதிமன்றத்திலும் போய் நிற்க முடியாது.

நல்ல ஏற்பாடு. நமக்கும் அதே சலுகையைக் கேட்போம். இனி வருமான வரிப் படிவத்தில் தொகைக்குப் பதில் 'கட்ட முயல்வேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். எத்தனை நாளில் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்ப்போம். அந்த அதிகாரிகளுக்கு யாரும் டிடிஎச்சில் பயிற்சி தரவில்லை.