பிளைமவுத் உடம்பு, டாட்ஜ் தலை

கீழப்பாவூர் நரசிம்மருக்குக் கை பதினாறு. தலை ஒன்றுதான், அதுவும் சிங்கத்திடம் வாங்கிப் போட்டது. கழுத்துக்குக் கீழே யார் என்று பார்த்தால், அதே வளாகத்தில் பிரசன்ன வெங்கடாசலபதி என்ற பெயரில் சாந்தமாகச் சேவை சாதிக்கிற அதே பெருமாள். உடம்பு ஒன்று, முகம் வேறு, பெயர் வேறு, அர்ச்சனைச் சீட்டும் வேறு. முகத்தை மாற்றினால் போதும், ஆளே புதுசு என்று ஜனங்கள் கும்பிடுவார்கள் என்பது நம்மாட்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. அதைத் தகரத்தில் செய்து காசு பார்க்கத்தான் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

அவர் வால்ட்டர் கிரைஸ்லர். அடிப்படையில் ரயில்வே மெக்கானிக். 1908-இல் சிகாகோ கார் கண்காட்சிக்குப் போனவர், லோகோமொபைல் என்ற வண்டியைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை 5,000 டாலர். கையில் இருந்தது 700. மிச்சம் 4,300-க்குக் கடன் வாங்கி, வண்டியை ரயிலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் ஓட்டினாரா என்றால், இல்லை. கழற்றினார். திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார். வீட்டம்மாவை ஏற்றி ஒரு சுற்று போய்வர மாசக்கணக்கு ஆயிற்று. நம் பக்கத்தில் ஒருவன் கடன் வாங்கி இந்தக் கூத்து அடித்திருந்தால், சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் புற்றுமண் பூசித் தெளியவைத்திருப்பார்கள். அங்கே விட்டுவிட்டார்கள், 1925-இல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

1928-இல் மனுஷனுக்கு ஒரு வேகம் வந்தது. ஒரே வருஷத்தில் பிளைமவுத் என்று ஒரு பெயர், டிசோட்டோ என்று இன்னொரு பெயர். போதாதென்று டாட்ஜ் கம்பெனியையும் விலைக்கு வாங்கினார். டாட்ஜ் சகோதரர்கள் இருவரும் 1920-லேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள், ஆகையால் தகராறு செய்ய ஆளில்லை. ஏற்கெனவே இருந்த கிரைஸ்லரையும் சேர்த்தால் நாலு பிள்ளைகள். நாலு பேருக்கும் தனித்தனி உடம்பு செய்து கட்டுபடியாகுமா? கூரை, கதவு, பின்பக்கம் இதையெல்லாம் அடிக்கிற அச்சுதான் கார்த் தொழிலில் சொத்தை விழுங்குகிற சாமான். கிரில், பானட், முன் மட்கார்டு, ஒரு பொம்மை இவ்வளவையும் மாற்றினால் செலவு அதில் ஒரு பங்குதான். கிரைஸ்லர் பள்ளியில் என்ன படித்தாரோ, அவதாரத் தத்துவம் நன்றாகப் பிடிபட்டிருக்கிறது.

உள்ளூர் அமெரிக்கர்களிடம் கொஞ்சம் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். அங்கே விற்ற டாட்ஜுக்குப் பிளைமவுத்தைவிடக் கொஞ்சம் நீளமான உடம்பு உண்டு. வெளிநாட்டுக்கு வந்ததில்தான் விளையாட்டு. டாட்ஜ் விற்கிற கடைக்காரனுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும், பெயர் மட்டும் டாட்ஜ் என்று இருக்கவேண்டும். சரி என்று பிளைமவுத் உடம்பில் டாட்ஜ் முகத்தைப் பொருத்திக் கப்பலேற்றினார்கள். அதுதான் டாட்ஜ் கிங்ஸ்வே. அதே உடம்பில் டிசோட்டோ பல்லைக் கட்டினால் டிசோட்டோ டிப்ளமேட். இந்தக் கலப்புக்குப் பழைய கார் பைத்தியங்கள் வைத்த பெயர் ‘பிளாட்ஜ்’. நரனும் சிம்மமும் சேர்ந்தால் நரசிம்மம் என்ற அதே இலக்கணம்.

அந்த நரசிம்மம் இந்தியாவில் அவதரித்த கதையிலும் ஒரு இரணியன் உண்டு. மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் கூடாது, உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது என்று அவன் வாங்கிய வரத்தை எழுதிக்கொடுத்த அதே குமாஸ்தாதான் நம் சுங்க விதிகளையும் எழுதியிருக்கவேண்டும். முழுக் காராக இறக்கினால் வரி கடித்துத் தின்னும். சுதந்திரம் வந்தபின் முழுக் காரே வரக்கூடாது என்றும் ஆயிற்று. இங்கேயே செய்யலாம் என்றாலோ, அந்த உடம்பை அடிக்கிற பிரஸ்ஸும் அச்சும் அமெரிக்காவில். அப்போது தூணைப் பிளந்துகொண்டு வந்தவர் சேட் வால்சந்த் ஹீராசந்த். கப்பல் கம்பெனி நடத்தியவர், பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கியவர். தரையில் ஓடுவது மட்டும்தான் பாக்கி. 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொடங்கி, கிரைஸ்லரோடு கைகோத்து, 1947-இல் பம்பாய் குர்லாவில் வண்டி இறக்கிவிட்டார். அது காரும் இல்லை, உதிரிச் சாமானும் இல்லை. உதிர்த்துப் பெட்டியில் அடுக்கிய கார். வாசற்படியில் வைத்துப் பூட்டினார்கள். 1908-இல் கிரைஸ்லர் வீட்டுக் கொட்டகையில் சும்மா செய்ததைக் குர்லாவில் சம்பளம் கொடுத்துச் செய்தார்கள்.

அப்படிப் பூட்டிய வண்டிகளில் சில தெற்கே இறங்கி, ஜமீன், பண்ணை, மில் முதலாளி, கமிஷன் மண்டி என்று வாழ்க்கைப்பட்டன. நம் பக்கத்தில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் பெயர் ஒன்றுதான்: பிளசர். குற்றால சீசனுக்குப் பாவூர்ச்சத்திரம் வழியாகப் போகிற ஒரு பிளசர், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற முக்கில் நின்றால் பேச்சு இப்படி ஓடியிருக்கும்:

“என்ன வண்டிவே இது?”

“டாட்ஜுல்லா அண்ணாச்சி. மூக்குல கிடா நிக்குது தெரியலியா?”

“கிடா தெரியுது. பின்கதவு எந்தப் பக்கமாத் தொறக்குதுன்னு காட்டும்.”

அண்ணாச்சி விவரமான ஆள். 1946 முதல் 1948 வரையிலான வண்டிகளில் அசல் டாட்ஜையும் பிளாட்ஜையும் பிரித்துச் சொல்ல அதைவிட நல்ல சோதனை கிடையாது. அமெரிக்காவில் விற்ற பெரும்பாலான டாட்ஜ் செடான்களில் பின்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு முன்பக்கமாக வாயைத் திறக்கும். பிளைமவுத்தில் கீல் முன்பக்கம், எல்லாக் கார்களையும் போல. ஆகவே கிடா, கிரில், டாட்ஜ் என்ற எழுத்து எல்லாம் இருந்தும் பின்கதவு சாதாரணமாகத் திறந்தால், அநேகமாகக் கழுத்துக்குக் கீழே பிளைமவுத். அதையும் நம்பாதவர்கள் டேப் பிடிக்கலாம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அசல் டாட்ஜுக்கு 119.5 அங்குலம், பிளைமவுத்துக்கு 117. இரண்டரை அங்குலம்தான் வித்தியாசம். வேட்டிக் கரை அகலம் இருந்தாலும், மானம் அதில்தான் இருக்கிறது.

மூக்குப் பொம்மையை மட்டும் நம்பவே கூடாது. டாட்ஜுக்குக் கிடா, ஏவார்ட் ஃபேர்பேங்க்ஸ் என்ற சிற்பி 1930-களின் தொடக்கத்தில் செய்துகொடுத்தது. பிளைமவுத்துக்கு மேஃபிளவர் கப்பல். டிசோட்டோவுக்கு, அந்தப் பெயரை உடைய ஸ்பானிய வெற்றிவீரனின் தலை; இரும்புத் தொப்பியோடு, பழுப்புக் காகிதத்தில் சம்மன் கொண்டுவந்தவன் போல முறைத்துக்கொண்டு நிற்கும். மூன்றும் திருகாணியில் நிற்கிற சாமான்கள். காயலான் கடையில் கிடா கிடைத்தால் கிடா, கப்பல் கிடைத்தால் கப்பல். கப்பல் வைத்த டாட்ஜும் கிடா வைத்த பிளைமவுத்தும் ரோட்டில் ஓடியதற்கு அமெரிக்கா பொறுப்பாகாது.

வண்டிகளின் கூரை ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டால் அதற்கும் ஒரு ஆள் இருக்கிறார். கிரைஸ்லர் கம்பெனியை 1935 முதல் 1950 வரை நடத்திய கே. டி. கெல்லர், தொப்பி போட்ட மனுஷன் தொப்பியைக் கழற்றாமல் காரில் உட்காரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். மற்ற கம்பெனிகள் வண்டியைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டிருந்தபோது இவருடைய வண்டிகள் சப்பரம் மாதிரி நிமிர்ந்து நின்றன. அமெரிக்காவில் கேலி செய்தார்கள். நம் ஊர்த் தலைப்பாகைக்காரர்கள் யாரும் கேலி செய்யவில்லை. ஜரிகை கசங்காமல் இறங்குகிற வண்டியைச் செய்தவர் வாழ்க.

வருஷம் கண்டுபிடிப்பது அடுத்த பஞ்சாயத்து. 1949-இல் உடம்பை முழுக்க மாற்றினார்கள். அந்த வருஷப் பிளைமவுத் பம்பரில் நீளவாக்கில் வரிவரியாக மடிப்பு ஓடும். 1950-இல் வரியைத் தேய்த்து மழமழவென்று ஆக்கி, பின்கண்ணாடியைப் பெரிதாக்கினார்கள். 1953-இல் முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்து வந்தது. அதற்கு முன் இரண்டு துண்டு, நடுவில் நாமம் போட்டதுபோல் ஒரு பட்டை. இதெல்லாம் கண்ணுள்ளவன் சொல்லிவிடுவான். 1951-ஐயும் 1952-ஐயும் பிரிப்பதில்தான் பெரிய பெரிய வித்வான்கள் மூக்கறுபட்டிருக்கிறார்கள். டிக்கிப் பக்கம் போய்க் குனியவேண்டும்: பெயர்ப்பட்டையும் கைப்பிடியும் தனித்தனியாக இருந்தால் 51, பெயரைக் கைப்பிடியோடு ஒட்டவைத்திருந்தால் 52. கொரியச் சண்டைக் காலம் அது. தகரத்துக்கும் நிக்கலுக்கும் பஞ்சம், புதுசாக எதையும் செய்ய முடியவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை வண்டி என்பதைக் கம்பெனியே தனித்தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை, மொத்தமாகப் போட்டு மூடிவிட்டது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத இரட்டைப் பிள்ளைகளை டிக்கிக் கைப்பிடி வைத்துப் பிரிக்க நாம் யார்?

எஞ்சின் நம்பரைப் பார்க்கலாமே என்பார்கள். பார்க்கலாம். பிளாக்கின் இடது பக்கம் ‘பி-15’ என்று ஆரம்பித்தால் போருக்குப் பின் வந்த முதல் பிளைமவுத். ஆனால் அந்தப் பெட்ரோல் எஞ்சின் குடித்த குடியைத் தாங்கமுடியாமல், அதை இறக்கிவிட்டுப் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் எத்தனையோ. அங்கே பி-15 இருக்காது, புகைதான் இருக்கும். ஆர்.சி. புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே கேட்காதீர்கள். அதை எழுதினவர் முன்பக்கம் நின்று கிடாவைப் பார்த்து எழுதியவர்.

நிஜமான குழப்பம் பட்டறையில் பிறந்தது. மாடு மோதியோ புளியமரம் மோதியோ மட்கார்டு போனால், புதுசுக்கு எங்கே போவது? குர்லாவுக்குக் கடிதம் போட்டுக் காத்திருந்தால் மாட்டுக்கே கன்று பிறந்துவிடும். டிங்கர் ஆசாரி இரும்புத் தகட்டை மணல்மூட்டைமேல் வைத்துத் தட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார். இடது மட்கார்டு அமெரிக்கா, வலது மட்கார்டு ஆசாரி. கம்பெனி மட்கார்டு உள்பக்கம் தடவினால் அச்சில் அடித்த மழமழப்பு. ஆசாரியுடையது சுத்தியல் பட்ட அம்மைத் தழும்பு. என்னைக் கேட்டால் இரண்டாவதுக்குத்தான் மதிப்பு அதிகம். முதலாவதை மிஷின் செய்தது.

நாடகம் சீக்கிரம் முடிந்துவிட்டது. 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையம், வெறுமனே பூட்டிக் கொடுப்பவர்கள் நடையைக் கட்டலாம், இங்கே உற்பத்தி செய்கிறவர்களுக்கே இடம் என்று சொல்ல, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டினார்கள். (காமராஜர் ஏறிய செவர்லே அந்த ஜெனரல் மோட்டார்ஸ் குலம், அந்தப் பங்காளிச் சண்டைக்குள் இப்போது போகவேண்டாம்.) பிரீமியர் தங்கிவிட்டது, ஃபியட்டைக் கட்டிக்கொண்டு பிழைத்தது. அமெரிக்காவில் டிசோட்டோவுக்கு 1960 நவம்பரில் பால் ஊற்றிவிட்டார்கள். லாரியில் மட்டும் அவதார வியாபாரம் நிற்கவில்லை. டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ என்று மூன்று பெயர், கீழே ஒரே லாரி. ஃபார்கோ உசத்தி, டாட்ஜ் மட்டம் என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட டிரைவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பிமேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்சமிருந்த செடான்களுக்குக் கடைசி உத்தியோகம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை ஊருக்குத் தெரியவேண்டாமா? கெல்லர் தொப்பிக்காகப் பாடுபட்டு உயர்த்திய கூரையை வெல்டிங்காரர் ஒரே மத்தியானத்தில் அறுத்துக் கீழே வைத்துவிட்டார். கூரை போனதும் உடம்பு நடுவில் தொய்யும், கதவு சேராது. அடியில் ஆங்கிள் இரும்பை வைத்துப் பற்றவைத்து, கதவைக் கயிற்றால் கட்டி, மேலே செவ்வந்தி மாலையைச் சுற்றிவிட்டால் ‘ஓப்பன் கார்’ தயார்.

இதை அடையாளம் காண்பது எல்லாவற்றிலும் சுலபம். கம்பெனி செய்த திறந்த பிளைமவுத்துக்கு இரண்டே கதவு. அடிச்சட்டத்தில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கு இரும்பும் போட்டிருப்பான். போருக்குப் பிறகு நாலு கதவு வைத்த திறந்த வண்டியைப் பிளைமவுத்தும் செய்யவில்லை, டாட்ஜும் செய்யவில்லை, டிசோட்டோவும் செய்யவில்லை. அப்படி ஒன்றை விற்க வந்த புரோக்கரிடம் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

“அதான் சார்வாள் சொல்லுதேன்” என்பார், “கம்பெனியே செய்யாத மாடல். வெல கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.”