பூச்சி துரத்துவோர் இயல்

உலகத்து உயிர்களை அறிவின் அளவால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்துவைத்தார் தொல்காப்பியர். 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வண்ணத்துப்பூச்சிகளைப் பகுக்கப் புகுந்து, பெரிய இனங்கள் பலவற்றை டிராய் வீரர் என்றும் கிரேக்க வீரர் என்றும் இரு படையாக நிறுத்தினார். நம் வேலியோரங்களில் கறுப்பு இறகும் சிவந்த உடலுமாகப் பறக்கிற ஒன்று அன்றிலிருந்து ஹெக்டர் என்ற டிராய் இளவரசனின் பெயரைச் சுமந்து திரிகிறது. ஆக, பறக்கிற பூச்சி வகுக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிற ஆறறிவு உயிரை வகுத்தார் இலர். அக்குறை நீக்க எழுந்தது இவ்வியல்.

முதற்கண் பொதுவிலக்கணம். இவ்வினத்தார் நடக்கையில் பாதையைப் பாரார். பாதையோரத்துப் புதரைப் பார்ப்பர். கோபுரத்தைக் காட்டினால் அதன் அடியில் முளைத்த எருக்கைக் காண்பர். எருக்கிலை ஓட்டையாயிருந்தால் மகிழ்வர். கல்யாண மண்டபத்தில் மணமக்களை விட்டுவிட்டு வாசல் டியூப்லைட்டை அண்ணாந்து நோக்குவர். மணலில் ஈரம் கண்ட இடத்தில் மண்டியிடுவர். அந்த ஈரம் ஆற்றினுடையதா, அவசரத்துக்கு ஒதுங்கிய லாரி டிரைவருடையதா என்று ஆராயார். உப்புக்காக அங்கே மொய்க்கும் ஆண் பூச்சிகளும் ஆராய்வதில்லை.

இனி, இவரை எதனால் பகுப்பது? கருவியால் என்பாரும் உளர்: வலையுடையார், கேமராவுடையார், பைனாகுலருடையார் என. அது பொருந்தாது. என்னை? நேற்று வலை பிடித்த அதே கை இன்று கேமரா பிடிக்கிறது. வயதால் பகுத்தலும் வருமானத்தால் பகுத்தலும் அன்னவே. யாம் கொண்ட அடையாளம் சீட்டு. அஃதாவது, எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு உயரத்தில், யார் கண்டது என்று பொடி எழுத்தில் எழுதிய விரல்நுனியளவு காகிதம். பூச்சியைக் குத்திய அதே ஊசியில் அதன் கீழே இச்சீட்டும் கோக்கப்பட்டிருந்தால் அது சான்று. இல்லையேல் அது செத்த பூச்சி. எத்துணை அழகாயினும் சுவரில் மாட்டத்தான் ஆகும். எனவே குலம் இரண்டு: சீட்டெழுதுவோர், சீட்டெழுதாதோர். இனி வரும் வகையார் இவ்விரு குலத்திலும் கலந்து கிடப்பர். வகைபாட்டு நூல்களில் இத்தகைய குழப்பம் குற்றமாகாது.

மூத்த குடி ஊசியர். இவர் தொழில் நுட்பமானது. பிடித்ததை முக்கோணமாக மடித்த காகிதத்தில் இட்டுக் கொண்டுவருவர். வந்து சேர்வதற்குள் அது விறைத்திருக்கும். ஈரப்பஞ்சு வைத்த டப்பாவில் ஓரிரு நாள் மூடிவைத்து இளக்கி, மார்பின் நட்டநடுவே துருப்பிடிக்காத மெல்லிய ஊசியைச் செலுத்துவர். நடுவே பள்ளம் விட்ட பலகையில் உடலை இறக்கி, இறகுகளை இருபுறமும் பரப்பி, காகிதப் பட்டையால் அமுக்கி, பட்டையைச் சுற்றிக் குண்டூசிகளை நடுவர். முன்னிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது விதி. உயிரோடு இருக்கையில் எந்தப் பூச்சியும் அப்படி நின்றதில்லையே எனின், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவன் வீட்டிலும் அப்படியா நிற்கிறான் என்பது ஊசியர் விடை. காய ஒரு வாரமோ இரண்டோ ஆகும். அதுவரை அந்த அறையில் மின்விசிறி சுழலாது. மே மாதத்திலும் சுழலாது.

ஊசியருள் செல்வ ஊசியர் என்று ஒரு பிரிவு உண்டு. தாம் ஓடாமல் ஆளை ஓடவிடுவது இவர் குணம். லண்டன் வங்கிக் குடும்பத்து வால்டர் ராத்ஸ்சைல்ட் டிரிங் என்னும் ஊரில் இப்படிச் சேர்த்தவை 20 லட்சத்துக்கும் மேல். அவருக்காக அலைந்த ஆல்பர்ட் மீக் 1906இல் நியூகினிக் காட்டில் மரத்துக்கு மேலே பறந்த ஒன்றை, வலை எட்டாததால், துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். உலகின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சி அறிவியலுக்கு அறிமுகமானது இவ்வாறே. பெண்ணுக்கு இறகு விரிப்பு 25 சென்டிமீட்டரை எட்டும். அலெக்சாண்ட்ரா அரசியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். சுட்டுவிட்டுச் சூட்டினார்கள் என்பதைக் குறித்துக்கொள்க.

மற்றொரு பிரிவு பதவி ஊசியர். இந்தியாவில் செழித்தது இதுவே. வேறு வேலைக்கு வந்து இந்த வேலை பார்த்தவர் என்று இலக்கணம் சொல்லலாம். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த சர் ஜார்ஜ் ஹாம்ப்சன் அந்துப்பூச்சிகளில் மனம் பறிகொடுத்தார். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு பெருந்தொகுதிகள் எழுதினார். இன்றும் அந்து பார்ப்போர் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. தேயிலை என்னவாயிற்று என்று எந்தத் தொகுதியும் சொல்லவில்லை. பிரிகேடியர் எவன்ஸ் படையில் இருந்துகொண்டே இந்திய வண்ணத்துப்பூச்சிகளை இனங்காண நூல் செய்தார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து ஆங்கிலப் பெயர்களை நோக்கினால் காடா, பாசறையா என்று ஐயம் எழும்: சார்ஜென்ட், கமாண்டர், லாஸ்கர், பாரன், நவாப், ராஜா. இவற்றுள் நவாபும் ராஜாவும் பூவைப் பொருட்படுத்துவதில்லை. அழுகிய பழமும் சாணமுமே அவற்றின் விருந்து. பெயரிட்ட அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பது எம் கருத்து. 2019இல் தமிழ்நாட்டு அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததும் அந்தப் பாசறையில் நமக்கும் ஒரு கூடாரம் கிடைத்தது.

ஊசியருள் கடைப்பட்டவர் ஒட்டுவேலைக்காரர். 1702இல் இங்கிலாந்தின் பெட்டிவர் என்பார் கைக்கு, சார்ல்டன் என்பவர் அனுப்பிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்தது. இறகில் யாரும் கண்டிராத கரும்புள்ளிகள். லின்னேயஸே அதைப் பார்த்துத் தனி இனம் என்று நம்பி 1763இல் பெயரிட்டார். 1793இல் அவர் மாணவர் ஃபாப்ரிசியஸ் உற்றுப் பார்த்தார். புள்ளிகள் மையால் வரையப்பட்டவை. சான்றும் பொய் சொல்லும் என்பதற்கு எமக்குக் கிடைத்த தடை இது. விடை: பொய்ச் சான்றையும் உற்றுப் பார்த்தே பிடிக்க முடிந்தது.

இன்றைய இந்தியாவில் ஊசியர் அருகிவரும் இனம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் பல இடம்பெற்றுள்ளன. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி வலை வீசினால் வனத்துறை வலை வீசும். 2008இல் டார்ஜிலிங்கை ஒட்டிய சிங்கலிலா தேசியப் பூங்காவில் பூச்சி சேர்த்த செக் நாட்டவர் இருவர் கைதாகி வழக்கைச் சந்தித்தனர். அனுமதி பெற்ற ஆய்வு நிறுவனத்தாரை விட்டால், நம்மூரில் ஊசியர் மிஞ்சியிருப்பது தாத்தாக்களின் அலமாரியில்தான். சட்டம் சரியே என்பது எம் துணிபு. ஆனால் அச்சட்டத்தால் பள்ளிப் பிள்ளை ஒருவன் பூச்சியைக் கையில் எடுத்துக் கால் எண்ணவும் அஞ்சுவானாயின் அது சட்டத்தின் நோக்கமன்று.

அடுத்து விளக்கர். இருட்டில் விளையும் இனம். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவை நல்ல நாள் என்பர். நிலா எழுந்தால் முகம் சுளிப்பர். இரண்டு மரத்துக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டி, மெர்க்குரி விளக்கோ புற ஊதா விளக்கோ ஏற்றி, எதிரே நாற்காலி போட்டு உட்காருவர். மலையடிவாரத்து ஊர்களில் பூச்சிக்கு முன்னே பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

“அண்ணே, என்ன படம் போடப்போறீங்க?”

“படமில்லப்பா, பூச்சி பாக்கிறோம்.”

“பூச்சியா? அது எங்க வீட்டு லைட்டுக்கே வருமே.”

பிள்ளைகள் சொன்னதே இத்துறையின் முதல் தேற்றம். உலகில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் சுமார் 18,000. அந்துப்பூச்சி இனங்களோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெயர் பகலில் பறப்பதற்கு, பெரும்பான்மை இரவில் பறப்பதற்கு. இந்த அநீதியே விளக்கரைத் தூங்கவிடாதது. அந்து என்றால் அரிசிப் பானையில் பறக்கும் பழுப்புத் தூசி என்று யாராவது சொன்னால் போதும். வெளிர்பச்சை நிறமும் நீண்ட வாலும் கொண்ட நிலா அந்தைக் காட்டுவர். முதுகில் மண்டையோட்டுக் குறியோடு தேன்கூட்டுக்குள் புகுந்து திருடும் ஒன்றைச் சொல்வர். இறகு நுனியில் பாம்புத் தலை வரைந்த அட்லஸ் அந்து, வளர்ந்தபின் உண்ண வாயின்றி, புழுப்பருவத்தில் தின்ற கொழுப்பை வைத்தே சாகும்வரை ஓட்டுவதைச் சொல்வர். கேட்பவர் கொட்டாவி விடுவதை விளக்கர் வியப்பென்று கொள்வர். விளக்கருக்கு இங்கிலாந்தில் சர்க்கரையர் என்றொரு தம்பி இனம் உண்டு. கருப்பஞ்சாற்றுப் பாகும் ரம்மும் காய்ச்சி மரத்தில் பூசிவிட்டு, மயங்கிய பூச்சியை எண்ணுவர். ரம் முழுவதும் மரத்துக்குப் போயிற்றா என்பதற்குச் சீட்டு இல்லை.

படத்தார் இன்று தொகையால் மிக்கவர். இவரைப் பற்றி விரிக்க வேண்டா. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருப்பார். வயிற்றால் ஊர்வர். இவருக்குள் ஓயாத கேள்வி ஒன்றே: “மேல்பக்கம் கிடைச்சுதா சார்?” இறகைக் கூப்பி உட்காருகிற பூச்சி விரித்துக் காட்டும்வரை இவர் எழார். எத்தனை படம் எடுத்தாலும் தாவிப் பறக்கும் பழுப்புச் சிற்றினங்கள் சில கைவசப்படா. பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி அவற்றை ஆசானும் பிரித்தறியார். அங்ஙனம் பார்ப்பவரை நுணுக்கர் என்க. நாவலாசிரியர் நபக்கோவ் 1940களில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் நீலப் பூச்சிகளின் அந்த உறுப்புகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். தென்னமெரிக்க நீலங்கள் ஆசியாவிலிருந்து பெரிங் நிலவழியே அலையலையாக வந்தவை என்று 1945இல் எழுதினார். 2011இல் மரபணு ஆய்வு அதை ஒப்புக்கொண்டது. படத்தாரிடம் யாம் காணும் பெருமை ஒன்று உண்டு. அவர் கைப்பேசி, அவரைக் கேளாமலேயே, இடமும் நாளும் நேரமும் குறித்துவிடுகிறது. சோம்பேறியும் சீட்டெழுதுவோர் குலத்தில் பிறக்கும் காலம் இது.

வளர்ப்பார் வீட்டுக்குள் வாழ்பவர். ஆகவே வீட்டார் பகையை மிகுதியும் பெற்றவர். தொட்டிக் கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது இவருக்குப் புழு. வளர்ந்து பச்சையானபின் சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். ரசத்துக்கு நாலு ஈர்க்குப் பறிக்க வந்த மாமியார் அக்கொம்பைக் கண்ட வீடுகளில் இந்தக் கலை பெரும்பாலும் அதோடு முடிகிறது. முடியாத வீடுகளில் புழு கூட்டுப்புழுவாகும். வளர்ப்பார் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டி, விடியுமுன் எழுந்து காத்திருப்பர். சிலபோது கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவிகள் வரிசையாக வரும். புழுவுக்குள் யாரோ முன்னமே குடியிருந்திருக்கிறார்கள். உண்மையான வளர்ப்பார் அப்போதும் தேதி எழுதுவார். எழுதாமல் பாட்டிலை வீசுபவர் வெறும் ரசிகர்.

அளப்பாரும் எண்ணுவாரும் ஒரு தாய்ப் பிள்ளைகள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குமலையிலிருந்து சமவெளிக்கும், ஐப்பசி வாக்கில் திரும்பவும் திரள் திரளாகப் போகிற நீலவரியன்களை நின்று எண்ணுவது ஒருவர் வேலை. முழக்கோலை எடுப்பது மற்றவர் வேலை. எவன்ஸ் 1932இல் தென்னிந்தியப் பறவையிறகு இனத்தில் ஒன்றை 190 மில்லிமீட்டர் என்று அளந்தார். 88 ஆண்டு கழித்து உத்தராகண்டில் கிடைத்த பொன்னிற உறவு ஒன்று 194 என்று கண்டனர். நான்கு மில்லிமீட்டரில் ‘இந்தியாவின் மிகப்பெரியது’ என்ற பட்டம் தெற்கிலிருந்து வடக்கே போயிற்று. இதற்காக எந்தக் கட்சியும் அறிக்கை விடவில்லை.

குலத்துக்குப் புறம்பாயினும் இவ்வியலில் சேர்க்கத் தக்கவர் உறவினர். எலினார் கிளான்வில் என்ற ஆங்கிலச் சீமாட்டி 1709இல் இறந்தார். பூச்சி சேர்ப்பதில் பெயர்பெற்றவர். சொத்து எதிர்பார்த்து ஏமாந்த சுற்றத்தார் உயில் செல்லாது என்று வழக்காடினர். புத்தி பேதலித்தாலன்றி யாராவது வண்ணத்துப்பூச்சி பின்னால் போவார்களா என்பது அவர்கள் சொன்ன காரணமாகக் கதை வழங்குகிறது. கிளான்வில் பெயரில் இன்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. உறவினர் பெயரில் எதுவும் இல்லை.

எஞ்சியது ஒன்று. மனிதரல்லாதது, எனினும் சேகரிப்பில் ஊசியரை விஞ்சியது: அருங்காட்சியக வண்டு. கடுகளவே இருக்கும். மயிரடர்ந்த அதன் புழு மூடிய பெட்டிக்குள் எப்படியோ புகுந்து, நீலகிரியா நியூகினியா என்று பேதம் பாராமல் உடல்களைத் தின்னும். ஓராண்டு திறவாத பெட்டியைத் திறந்தால் அடியில் தூள், உதிர்ந்த இறகு, நேரே நிற்கும் ஊசிகள், ஊசிகளில் சீட்டுகள். சீட்டை அது தொடுவதில்லை. மூலைக்கொரு அந்துருண்டை வைத்து, கரைந்ததும் மாற்றுக. வண்டு ஏறிய பெட்டியை உறைபெட்டியில் சில நாள் வைத்தெடுக்க.