உமிக்கரியும் பழம்பொரியும்

எலே மக்கா, ஒனக்க புது பேஸ்டைப் பாத்தேன். கறுகறுண்ணு இருக்கு. கரி சேத்ததாம், டியூபு மேல பெருசா எழுதியிருக்கு. அந்த விலைக்குக் களியக்காவிளைச் சந்தையில ஒரு சீப்பு ஏத்தம்பழம் வாங்கியிருக்கலாம். ஒனக்க பாட்டி உமியைக் கருக்கி, உப்பும் நல்லமொளவும் இடிச்சுப் போட்டு, செரட்டையில வச்சுத் தந்தப்பம் "சீ, கரி"ண்ணு ஓடின பய நீ. அதே கரி பெட்டிக்குள்ள கேறி வந்ததும் கொள்ளாமா இருக்கு, இல்லியா?

அதுக்காவ பாட்டி ஜெயிச்சாண்ணு நெனச்சுப்போடாதே. உமியில கெடக்கது சிலிக்கா, மணலுக்க ஜாதி. சரியாப் பொடியாத உமிக்கரியை வெரலுல எடுத்து நாளும் உரசினா பல்லு வெளுக்கும், உள்ளதுதான். கூடவே எனாமலும் கொறச்சு கொறச்சா எறங்கும். போன எனாமல் திரும்ப மொளைக்காது.

"காரணவன்மாரு ஒக்க வேப்பங்குச்சியில தேய்ச்சாவ, ஒருத்தருக்கும் பல்லு சொத்தையாவல்ல"ண்ணு வாட்ஸாப்புல எனக்கே அனுப்புதியே, ஒனக்கு அவியளைத் தெரியுமா? எனக்குத் தெரியும். பல பேரு பொக்கை வாயி. மிச்சம் நின்ன பல்லை வெத்திலையும் போயிலையும் பாத்துக்கிடிச்சு. போட்டோ புடிக்க வந்தா வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிப்பாவ. நீங்க அதைப் பாத்துட்டு, என்ன கம்பீரம்ங்கிய!

பல்லுநோவுக்குப் போயிலைப்பொடி தேய்க்கவங்களும் உண்டு. பல்பொடியிலயும் பேஸ்டுலயும் போயிலை சேக்கப்பிடாதுண்ணு 1992லயே கவர்மெண்டு தடுத்தாச்சு.

சரி, பழமைதான் வேணும்ணா முழுசாப் புடி. நம்ம நாட்டு வைத்தியன்மாரு தலைமாட்டுல வச்சிருந்த புஸ்தகம் வாக்படருக்க அஷ்டாங்க ஹிருதயம். அதுல எருக்கு, ஆலு, கருங்காலி, புங்கு, மருதுண்ணு மரத்துக்குப் பேரு சொல்லுது. குச்சி பன்னெண்டு வெரல் நீளம், சுண்டுவெரல் நுனி வண்ணம். நீங்க அந்த மரப்பேரை மட்டும் பத்திரமாப் புடிச்சுக்கிட்டிய. நுனி மெதுவா இருக்கணும், ஈறு நோவப்பிடாது, காலையில மட்டும் பத்தாது, சாப்பிட்ட பொறவும் தேய்க்கணும்ணு அங்கேயே இருக்கே, அதை எந்தப் பயலாவது வாட்ஸாப்புல அனுப்புதானா? அனுப்பமாட்டான். ராத்திரி சோறு தின்னுட்டு எந்திரிச்சுப் போயி தேய்க்கணும்லா!

இனி ஒனக்க பல்லுல பூச்சி எங்க இருக்குண்ணு சொல்லுதேன். முக்குல சாயக்கடையில இருக்கு. காலையில ஒரு சாய, பத்து மணிக்கு ஒண்ணு, அது தீரும்முன்ன பழம்பொரி, நாலு மணிக்குப் பரிப்புவடை, திரும்பவும் சாய. நாலு கரண்டி சீனி! வாயில கெடக்க கிருமி சீனியைத் தின்னு புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்புல வாயுக்க பிஹெச் அளவு 5.5க்குக் கீழ எறங்கினா எனாமல் கரையத் தொடங்கும். உமிநீரு வந்து அதை மாத்தி, கரைஞ்சதைக் கொறச்சு அடைக்க அரைமணி நேரத்துக்கு மேல புடிக்கும். அது வேலையைத் தொடங்கும் முன்ன நீ அடுத்த சாயைக்குக் கை காட்டிடுதே.

சுவீடன்ல விப்பெஹோல்ம்ணு ஒரு ஆஸ்பத்திரி. 1945ல தொடங்கின ஆராய்ச்சியில, புத்தி வளராத நோயாளிகளுக்கு ஒட்டுத மிட்டாய் கொடுத்துப் பல்லு சொத்தையாவுதாண்ணு பாத்தாவ. வல்லாத்த பாவம், இப்பம் செய்தா ஜெயிலு. ஆனா தெரிஞ்ச காரியம் பெருசு: சோத்தோட தின்ன சீனி அவ்வளவு கெடுக்கல்ல, இடையிலயும் இடையிலயும் தின்ன ஒட்டுமிட்டாயிதான் பல்லை அரிச்சுது.

"எனக்குக் கருப்பட்டிச் சாயைதானே பாட்டா"ண்ணு இளிக்காதே. பனையில இருந்து வந்தா அது இனிப்பில்லியா? அக்கானி குடிக்கமாட்டேண்ணு கிருமி விரதம் இருக்கா? 1956ல விளவங்கோட்டைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்குமாப் பிரிச்சு எல்லை போட்டாவ. கிருமிக்கு ரெண்டு பக்கத்துச் சீனியும் ஒண்ணுதான்.

ஈர்க்கிலைப் பிளந்து நாக்கு வழி, ஒரு தோஷமும் இல்ல. பழுத்த மாவிலை வச்சுத் தேய்க்கதும் சுகம்தான். தேங்காயெண்ண கொப்பளிக்கணுமா, கொப்பளி. கிணத்தாங்கரையில நிண்ணு துப்பாண்டாம், அவ்வளவுதான். எலுமிச்சை நீரை மட்டும் பல்லுல தேய்ச்சுப்போடாதே, புளிப்புல கரையுததுக்குப் புளிப்பா மருந்து? ஆனா சொத்தையைத் தடுக்கணும்ணா ஃபுளோரைடு வேணும். டியூபுல 1000 பிபிஎம்ணு இருக்காண்ணு பாரு. "கெமிக்கலு"ண்ணு மூஞ்சியைச் சுளிக்காண்டாம், பூமிக்குள்ள தண்ணியிலயே கெடக்க சாமானம்தான் அது. ஒனக்க மொவளுக்கு மூணு வயசு தெகையல்லியே, ஒரு அரிமணி அளவு போரும். ராத்திரி தேய்ச்சுட்டுத் துப்பு, குடம்குடமாத் தண்ணி விட்டுக் கழுவாதே. ஒறங்கும்போ உமிநீரு கொறைஞ்சுபோவும், அந்த நேரத்துக்குக் காவலு ஃபுளோரைடுதான்.

இனி கிராம்பு. அதுல கெடக்க யூஜெனால் மரக்கச் செய்யும், ஓட்டையை அடைக்காது. தெக்கே வீட்டுக்காரரு மாசக்கணக்காக் கிராம்பு கடிச்சாரு. ஒருநாளு நோவு நிண்ணுது, ஊரு முச்சூடும் வைத்தியம் சொல்லிக்கிட்டு நடந்தாரு. நோவு நிண்ணது நரம்பு செத்ததுனால. அடுத்த மாசம் கன்னம் வீங்கி, பழம்பொரியைப் பாத்துக் கண்ணீரு விட்டாரு. தென்னையில செம்பன் செல்லி வெளிய தெரியும்போ குருத்து போயிருக்கும்லா, பல்லும் அப்படித்தான்.

ஒனக்க கீழ்வரிசைக் கடைவாயில கறுத்த புள்ளி ஒண்ணு இருக்கு, கொட்டாவி விடும்போ பாத்தேன். கரி பேஸ்டு அதுல ஒட்டினதுண்ணு சொல்லாதே. நாளைக்குக் காலையில பாறசாலையில ரயில் ஏறி, திருவனந்தபுரம் டென்டல் காலேஜில காட்டு. சின்னதா இருக்கும்போ அடைச்சா அத்தோட போச்சு. ஸ்டேஷன்ல பொட்டலம் ஒண்ணும் வாங்காதே. டாக்டரு வாயைத் தெறக்கச் சொல்லும்போ ஏத்தம்பழ வாசம் வந்தா, என்னைத்தான் ஏசுவாவ.