மருமகனுக்கு மார்கழிப் புத்தி

மருமவனே, ஓய்வெடுக்கத் திட்டம் போட்டுக்கிட்டு இருக்கேன்னு போன்ல சொன்னியே, அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. "என்ன, தனியாச் சிரிக்கீக"ன்னு ஒன் அத்தை வந்து நின்னா. "நம்ம பய ஓய்வெடுக்கதுக்குக் கம்ப்யூட்டர்ல அட்டவணை போடுதானாம்"னேன். "அவனுக்கு லீவு கெடச்சிருக்கா, புது வேலை கெடச்சிருக்கா"ன்னு கேட்டுட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா.

காலையில யோகா, அப்புறம் ஓட்டம், அது முடிஞ்சு மூச்சுப் பயிற்சி, சாயங்காலம் அரை மணி நேரம் மனசை வெறுமையாக்குதது. ஏலே, மனசை வெறுமையாக்க அரை மணி நேரமா? உங்க ஆபீஸ் மேனேஜர் ஒரே மீட்டிங்ல ஆக்கிருவாருன்னு நீதானே சொன்ன. ராத்திரி நீ எவ்வளவு நேரம் தூங்குனன்னு கையில கட்டியிருக்க கடியாரம் மார்க்கு வேற போடுதாம்லா. தூக்கத்துல பெயிலானவன்னு நம்ம வம்சத்துலயே மொத ஆளு நீதான்டே.

அடுத்தது ஊட்டிக்குப் போறேன்ன. நல்லாப் போ. குளிரப் பாக்கப் போற கூட்டம் தாங்காம ஹைகோர்ட்டே தலையிட்டு, 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வண்டி மேல ஏறணும்னு ஆயிப்போச்சு. மலைப்பாதையில வண்டிக்குப் பின்னால வண்டி நிக்கும். அந்த வரிசையில உக்காந்துக்கிட்டு "ஐயா, என்ன அமைதி"ன்னு நீ போட்டோ போடுவ. நம்மூரு மார்கழிக்குப் பாஸ் ஒண்ணும் கெடையாது. நாங்குநேரியில எறங்கி ஒரு டவுன் பஸ் புடிச்சாப் போதும்.

இங்க என்ன பெரிய குளிருன்னு கேப்ப. நெசந்தான். 20 டிகிரிக்குக் கீழ எறங்குனா அதுவே அதிசயம். ஆனா அந்த இருபதுக்கே மங்கிக் குல்லா மாட்டி, கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, டீக்கடை பெஞ்சுல உக்காந்து "சவத்துப் பனி எலும்பைத் துளைக்கி"ன்னு சொல்லுத சொகம் இருக்கே, அது காஷ்மீர்க்காரனுக்கு வாய்க்குமா? பாவம், அவனுக்கு நெசமாவே குளிருது. நமக்கு அது ஆறு வாரத்து ஆடம்பரம்.

இதுல பழைய ஆளுகளும் நமக்குச் சளைச்சவுக இல்ல. பத்துப்பாட்டுல நக்கீரர் பாடுன நெடுநல்வாடைன்னு ஒண்ணு இருக்கு, 188 அடின்னு எங்க தமிழ் வாத்தியாரு சொல்லுவாரு. அது கூதிர் காலத்து வாடை. ஆடு மாடு மேய்க்க ஆளுக கூட்டமாத் தீக்காஞ்சும் தாடை அடிச்சுக்கிட்டு நிக்காகளாம், மாடு மேய்ச்சலை மறந்துருச்சாம், குரங்கு கூனிப் போச்சாம். எனக்குப் புடிச்சது அதெல்லாம் இல்ல. அதுல ஒரு விசிறி வருது. வேனிலுக்கு வீசுன விசிறியச் சுருக்கித் தொங்க விட்டிருக்காக. அதச் சுத்திச் சிலந்தி நூல் கட்டியிருக்கு. மாளிகை வீட்டு விசிறிக்கே லீவு விட்டிருக்காகன்னா பாத்துக்கோ. நம்ம வீட்டுலயும் கார்த்திகை முடியவே ஃபேனை நிறுத்தியாச்சு. சத்தம் நின்ன பொறவுதான் பக்கத்து வீட்டுல பேசுதது பூரா எனக்கு நல்லாக் கேக்கு. அதுவும் ஒரு மகிழ்ச்சிதான்.

சூரியனையே எடுத்துக்கோ. டிசம்பர் 21, 22-லதான் பகல் ரொம்பக் குட்டை, எல்லாரும் சொல்லுவாக. ஆனா நம்ம பக்கம் அவரு ரொம்பப் பிந்தி எந்திரிக்கது அன்னைக்கு இல்ல. தை பொறந்து, பொங்கப் பானையக் கழுவிக் கவுத்துன பொறவு, ஜனவரி கடைசியில. ஆறரை மணி தாண்டித்தான் தலையக் காட்டுவாரு. தாமசமா வந்தீகன்னு அவருக்கு எவன் மெமோ குடுக்கான்? இன்னொரு கூத்தும் இருக்கு. பூமி வருஷத்துலயே சூரியனுக்கு ரொம்பக் கிட்டப் போறது இந்தக் குளிருக்குள்ளதான், ஜனவரி மொத வாரத்துல. ஜூலையில நிக்கதைவிட 50 லட்சம் கிலோமீட்டர் கிட்ட. கிட்டப் போனா ஓட்டமும் கூடும். அதனாலதான் ஆனி, ஆடியெல்லாம் 31, 32 நாள் இழுக்கும்போது மார்கழி பெரும்பாலும் 29-லயே முடிஞ்சு போவுது. நல்லது எதுவும் நாலு நாள் கூட நிக்காது மருமவனே. இதுக்குள்ள நீ அட்டவணை போட்டு முடிக்கவே தை பொறந்துரும்.

இந்த மாசத்துல கல்யாணம் காட்சி வைக்காம விட்டதுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுவாக. சாமிக்கு உள்ள மாசம்பாக, ஆகாதும்பாக. நான் கண்ட காரணம் மொய். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தோட மடியில ஒண்ணும் மிஞ்சாது. தை மொத வாரத்துல திரும்பவும் மஞ்சள் தடவுன பத்திரிகை வந்து குவியும். நடுவுல ஒருத்தனுக்கும் எழுத வேண்டாம், ஒருத்தன் பந்தியிலயும் எடம் புடிக்க வேண்டாம், "ஏன் வரல"ன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். இதைவிட ஒரு ஓய்வை எந்த ராசா குடுத்தான்?

வயக்காட்டுலயும் அப்பிடித்தான். பிசானம் நட்டாச்சு, களை எடுத்தாச்சு. அறுப்பு மாசி, பங்குனிக்கு. தண்ணி பாக்கதும் வரப்புல நடக்கதும்தான் இப்போ வேலை. பனைக்கு அடியில ஆவணி, புரட்டாசியில கொட்டையப் பொதச்சு வச்சோம். எவனும் தண்ணி ஊத்தல, உரம் போடல. மழையும் பனியும் பாத்துக்கிட்டுது. இப்போ தோண்டுனா கிழங்கு. ஒன்ன மாதிரி ஒரு பய நம்ம தெருவுல உண்டு. வாரத்துக்கொருக்கத் தோண்டித் தோண்டி, முளை எம்புட்டு வந்திருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தான். அவனுக்கு மட்டும் கிழங்கு வரல. ஒன் கடியாரம் ஒன் தூக்கத்தைத் தோண்டுதது எனக்கு அந்தப் பயலத்தான் ஞாபகப்படுத்துது.

கரிசக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியமே இருந்துது, கேட்டுக்கோ. கொண்டைக்கடலைச் செடி மேல ராத்திரி வெள்ளைத் துணிய விரிச்சிட்டு வந்து படுத்துருவாக. செடியில சுரக்க புளிப்பும் மேல எறங்குத பனியும் சேந்து துணியில ஊறும். விடிய எடுத்துப் புழிஞ்சா அதுதான் கடலைப்புளிப்பு. வயித்துக் கோளாறுக்கு மருந்து. விரிச்சவன் செஞ்ச வேலை என்ன? தூங்குனான்.

கூந்தன்குளத்துக்கு ஒரு நாள் போயி நில்லு. 1994-ல அரசாங்கம் சரணாலயம்னு அறிவிச்ச ஊரு. அதுக்கு ரொம்ப முந்தியே அந்த ஊர்க்காரங்க பறவைக்காகத் தீவாளிக்கு வேட்டு போடாம இருந்தவுக. அங்க வரித்தலை வாத்து வரும், தலையில கறுப்பாப் பட்டை போட்டிருக்கும். மங்கோலியா, திபெத்துப் பக்கத்துல இருந்து இமயமலையத் தாண்டி வருது. வந்து என்ன செய்யுதுங்க? கூடு கட்டுதது, முட்டையிடுதது, குஞ்சு வளக்குதது எல்லாத்தையும் அங்கயே முடிச்சிட்டு வந்திருக்கு. இங்க மேய்ச்சலு, தூக்கம், வெயில் காயுதது. அம்புட்டுத்தான். நீயும்தான் பெங்களூர்ல இருந்து ஒரு ராத்திரி பஸ்ல வார. வந்ததும் செருப்பைக் கழட்டுததுக்கு முன்னால "வைஃபை இருக்கா மாமா"ங்க. வாத்து கேக்கல.

சரி, வந்தா என்ன செய்யன்னு கேப்ப. நாலரைக்குக் கோயில் மைக்செட்டு எழுப்பிவிடும். எந்திரிச்சியா, குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போ. பக்திக்குப் போன்னு நான் சொல்ல மாட்டேன், வெண்பொங்கலுக்குப் போ. தொன்னையில வாங்கும்போது கை சுடணும், மிளகு பல்லுல கடிபடணும். எந்திரிக்க மனசில்லையா, போர்வைய இழுத்து மூடிப் படு, ஒரு பாவமும் கெடையாது. எந்திரிக்காமலும் தூங்காமலும் போர்வைக்குள்ள போனைப் பாத்துக்கிட்டுக் கெடக்கது மட்டும் ஆகாது. மைக்செட்டு சத்தத்துல எப்பிடித் தூங்கன்னு கேக்காத. மழைச் சத்தத்தைக் காசு கட்டிப் போன்ல கேட்டுக்கிட்டுத் தூங்குத பயதானே நீ. இங்க நெசமாவே மழை பெய்யும்போது, துணி நனையுதேன்னு ஓடுவ.

எட்டு மணிக்கு மேல தெக்குப் பாத்த திண்ணைக்கு வந்துரு. மார்கழியில சூரியன் தெக்க ஒதுங்கியே போவும், உச்சி நேரத்துலயும் அந்தத் திண்ணையில வெயில் விழும். வடக்குத் திண்ணைய நான் விருந்தாளுகளுக்கு விட்டுக் குடுத்துருவேன். மரியாதை தெரிஞ்சவன்னு ஊருக்குள்ள பேரு. சுக்குக் காப்பி கருப்பட்டி போட்டு வரும்.

"யாரு போட்டு வரும்?" இது ஒன் அத்தை. நான் பேசுததைப் பூராவும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கா. "நாலு மணிக்கு எந்திரிச்சு வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, சாணி உருட்டிப் பூசணிப்பூ வைக்கவ நான். ஓய்வைப் பத்திப் பிரசங்கம் பண்ணுதது இவுக"ன்னு ஒரு போடு போட்டா பாரு, எனக்குப் பதில் வரல. அவ சொல்லுததுல நியாயம் இருக்கு. இந்த நாட்டுல ஆம்பளை ஓய்வெடுத்தா அதுக்குப் பின்னால ஒரு பொம்பளை அடுப்புல நிக்கா. அந்தப் பூ வச்ச சாணியையும் அவ சும்மா தூரப் போடுததில்ல. தட்டிக் காயவச்சு, தையில சிறுவீட்டுப் பொங்கலுக்குச் சேத்து வைக்கா. அதனால ஒரு ஏற்பாடு: நீ இருக்க வரைக்கும் வாசத் தெளிக்கது ஒன் பொறுப்பு, காப்பி என் பொறுப்பு. கோலம் மட்டும் அத்தை போடட்டும். நீ போட்டா அந்த வீட்டுல என்ன துக்கம்னு ஆளுக விசாரிக்க வந்துருவாக.

அப்போ, எப்போ வார? அந்தக் கடியாரத்தை அங்கயே வச்சுப் பூட்டிட்டு வா. ஒரு பழைய சட்டை எடுத்துக்கோ. சிறுகிழங்கு ஒரு மூடை வந்து எறங்கியிருக்கு. சாக்குல போட்டுத் தரையில தேய்ச்சுத் தோலெடுக்கணும், எனக்கு இடுப்பு ஒத்துழைக்கல. அந்த வேலைக்கு யோகா படிச்ச ஆளுதான் சரிப்படும்னு ஒன் அத்தை சொல்லுதா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கே டிக்கெட் போட்டுரு.