கீரவாணிக்கு ஒரே ஒரு கருப்புக் கட்டை

மகள் கீபோர்டில் 'ஏ ஹார்மோனிக் மைனர்' பழகுகிறாள். மாமியார் அதைக் கீரவாணி என்கிறார். யார் சொல்வது சரி?
(தி.நகர் வாசகி)

மாமியார் சொல்வதுதான். எந்தக் கேள்விக்கும் பாதுகாப்பான பதில் இது; இம்முறை உண்மையும்கூட. ஆறு கட்டையை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறி, நிஷாதத்துக்கு மட்டும் ஐந்தரைக் கட்டைக் கருப்பைத் தொட்டால் 21-வது மேளகர்த்தா வந்துவிடும்.

அந்த ஒரு கருப்பு எதற்கு?
(மயிலாப்பூர் வாசகர்)

அது இல்லாவிட்டால் நடபைரவி. மேற்கத்திய இசையில் அதற்கு நேச்சுரல் மைனர் என்று பெயர். கைசிகி நிஷாதம் ஸட்ஜத்துக்குச் சற்றுத் தள்ளியே நிற்கும். வீடு திரும்ப அவசரம் காட்டாது. மேற்கத்தியருக்கோ பாட்டு முடிகிற இடத்தில் பஞ்சமத்தின் மேல் கட்டும் கார்டு ஸட்ஜத்தை நோக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். ஈ மைனருக்கு அந்தத் தெம்பில்லை. ஈ மேஜர் வேண்டும் என்றால் ஜி, ஜி ஷார்ப் ஆக வேண்டும். ஆக்கினார்கள், காகலி நிஷாதம் வந்தது. கூடவே தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில் ஒரு பள்ளமும் விழுந்தது. பாடச் சிரமம் என்று, ஏறும்போது தைவதத்தையும் தூக்கி மெலோடிக் மைனர் செய்துகொண்டார்கள். அந்த ஏறுவரிசை நம் கௌரிமனோகரி. நாம் பள்ளத்தைத் தூர்க்கவில்லை. கீரவாணி ஆலாபனையில் சபை 'ஆஹா' சொல்கிற இடமே அதுதான்!

தியாகராஜருக்கு ஹார்மோனிக் மைனர் தெரியுமா?
(அடையாறு வாசகர்)

'கலிகியுண்டே' செய்தவருக்கு அந்தப் பெயர் எதற்கு? கார்டும் வேண்டாம், தம்புரா போதும். 72 மேளக் கணக்கை 17-ஆம் நூற்றாண்டிலேயே வேங்கடமகி போட்டுவிட்டார். அவர்கள் கார்டைத் தேடிப் போய் அடைந்த ஸ்வரவரிசை, நம் கணக்கில் தானாக வந்து விழுந்தது.

அப்படியானால் கீபோர்டு கீரவாணியும் கச்சேரிக் கீரவாணியும் ஒன்றா?
(மந்தைவெளி வாசகி)

ஸ்வரம் ஒன்று. ஆனால் கமகம்? கட்டையை அழுத்தினால் காந்தாரம் அசையாமல் நிற்கும், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல. பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்து அசைக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். மகளுக்கு இப்போதே சொல்லாதீர்கள். முதலில் கிரேடு பரீட்சை முடியட்டும்.

ஆஸ்கர் வாங்கிய கீரவாணி?
(மேற்கு மாம்பலம் வாசகர்)

ராகத்தின் பெயர்தான். மேளப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கும் கடபயாதிப்படி கீ ஒன்று, ர இரண்டு, திருப்பினால் 21. 'அழகன்' படத்தில் நாம் அவரை மரகதமணி ஆக்கினோம். ம ஐந்து, ர இரண்டு, திருப்பினால் 25. அது மாரரஞ்சனி!